வளைந்து கொடுக்கிற பலகை!

புதுசாக வீடு கட்டிக் குடி போன நண்பர் யாராவது இருந்தால், அவர் தொடையைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். (அனுமதி கேட்டுவிட்டு விசாரியுங்கள்!) வலது பக்கமோ, இடது பக்கமோ ஓரிடம் கன்றிப் போயிருக்கும். கிச்சனிலிருந்து ஹாலுக்குத் திரும்புகிற முனையில் நிற்கும் அலமாரி மூலையின் உபயம் அது. ராத்திரி கரண்ட் போன நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போனவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

பெரியவர்களுக்குத் தொடையோடு போயிற்று. மூன்றடி உயர அலமாரியின் மூலை என்பது மூணு வயசுப் பிள்ளைக்கு நேராக நெற்றி! ஓடுகிற பிள்ளையை நிறுத்த முடியாது. மூலையை வேண்டுமானால் மழுக்கலாம். "அந்தக் கார்னரை மட்டும் ரவுண்டா பண்ணச் சொல்லுங்களேன்... கதவும் ரவுண்டா வரணும்" என்று வீட்டம்மாவிடமிருந்து உத்தரவு வருகிறது. சொல்லிவிட்டு அவர் சீரியல் பார்க்கப் போய்விடுவார். அப்புறம் நீங்களாச்சு, ஆசாரியாச்சு.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, தேனி, குமுளி என்று பஸ் பிடித்தவர்களுக்குச் செம்பட்டி தெரியும். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு ரோடு, நிலக்கோட்டை பக்கம் ஒரு ரோடு என்று பிரிகிற ஜங்ஷன். அங்கே குடியிருந்துகொண்டு, தினம் திண்டுக்கல் ஆபீஸுக்குப் போய்வந்து, பேங்க் லோனில் வீடு கட்டுகிற இளைஞன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். வளைவுக் கதவு வேண்டுமென்றால் அவனுக்கு இரண்டே வழி. ஒன்று டவுன் ஷோரூம். இன்னொன்று உள்ளூர் ஆசாரி. ஷோரூம்காரர் வழவழ தாளில் ஆல்பம் காட்டுவார். ஆசாரி காதில் சொருகியிருக்கும் பென்சிலை எடுத்து, சிமெண்ட் தரையில் ஒரு கோடு இழுத்துக் காட்டுவார். பெரும்பாலும் ஆல்பம்தான் ஜெயிக்கிறது.

ஆசாரிக்கு வளைவு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாட்டு வண்டிச் சக்கரம் யார் செய்தது? குடம், குடத்தில் சொருகின ஆரக்கால், ஆரக்கால் தலையில் வட்டை என்று, முழுக்க முழுக்க வளைவுக் கணக்குதானே அது! ஆனால் ஒன்று. சக்கரத்துக்கு மரத்தை யாரும் வளைக்கவில்லை. கனமான கட்டையை வளைவாக அறுத்தார்கள். அறுத்த துண்டுகளைக் கோர்த்து வட்டமாக்கி, இரும்புப் பட்டாவை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். பட்டா சுருங்கி, அத்தனை துண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மரத்தின் ரேகை குறுக்கே வெட்டுப்பட்ட இடத்தில் பலம் குறைவு. அந்தக் குறையைப் பட்டா சரிக்கட்டியது.

அலமாரிக் கதவுக்கு இரும்புப் பட்டா மாட்ட முடியுமா? மாட்டினால் வீட்டம்மா நம்மை மாட்டிவிடுவார்.

அதனால் பழைய ஆசாரிகள் வேறு தந்திரம் செய்தார்கள். ஒல்லி ஒல்லியான ரீப்பர் பட்டைகளை எடுத்து, ஓரத்தைச் சரிவாக இழைத்து, பீப்பாய் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவது. கால் வட்டத்துக்குப் பத்துப் பட்டை என்றால் ஒவ்வொரு ஓரத்தையும் நாலரை டிகிரி சரிக்க வேண்டும். அருமையான வேலை. ஆனால் கனம் அதிகம். சித்திரை வெயிலில் காய்ந்து, ஐப்பசி மழையில் ஊறி, ரெண்டு மூணு வருஷத்தில் ஒட்டின இடமெல்லாம் கோடு கோடாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

பிளைவுட் வந்த பிறகு இன்னொரு குறுக்கு வழியும் வந்தது. 18 எம்.எம். பலகையின் முதுகில், முன்பக்கம் 2 எம்.எம். மட்டும் மிச்சம் விட்டு, கோடு கோடாக வாளால் கீறி, கீறல்கள் மூடிக்கொள்கிற மாதிரி மடக்குவது. இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. 16 எம்.எம். ஆழம், கால் வட்டத்துக்கு அதை 1.57-ஆல் பெருக்கினால் 25 எம்.எம். வருகிறது. வாள் ஒரு கீறலுக்கு 3 எம்.எம். தின்னுமென்றால், எட்டுக் கீறல் சொச்சத்தில் கால் வட்டம் மடங்கிவிட வேண்டும். மடங்கும்தான். ஆனால் எட்டே எட்டுக் கீறலில் மடக்கினால் வட்டம் வராது... எட்டு மூலை வரும்! ஒரு மூலையை ஒழிக்கப் போய் எட்டு மூலையை விலைக்கு வாங்கின கதை. அதனால் அரை அங்குலத்துக்கு ஒன்று என்று நெருக்கிக் கீறி, எல்லாவற்றையும் பாதி பாதி மட்டும் மூடவிட்டு, மீதி இடைவெளியில் பசையும் மரத்தூளும் குழைத்து அடைப்பார்கள். அடைத்தாலும், மேலே பளபளா மைக்கா ஒட்டிவிட்டு, சாயங்கால வெளிச்சத்தில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பட்டினி கிடந்த மாட்டின் விலா எலும்பு மாதிரி வரி வரியாகத் தெரியும். சும்மா நிற்கிற பெட்டிக்கு இது போதும். தினம் இருபது தடவை திறந்து மூடுகிற கதவுக்கு என்னைக் கேட்டால் வேண்டாம்.

இங்கேதான் 'ஃப்ளெக்ஸி பிளை' வருகிறது.

சாதாரண பிளைவுட் ஏன் விறைப்பாக நிற்கிறது? மரத்தைச் சப்பாத்தி கனத்துக்குச் சீவியெடுத்து, ஒரு தகட்டின் ரேகை நெடுக்கே, அடுத்ததன் ரேகை குறுக்கே, மறுபடி நெடுக்கே என்று மாற்றி மாற்றி ஒட்டுகிறார்கள். மரம் ரேகை வாட்டத்தில் பலசாலி, குறுக்கே நோஞ்சான். ஒருவரின் நோஞ்சான் பக்கத்தை அடுத்தவர் தாங்கிப் பிடிப்பதால் எந்தப் பக்கமும் வளையாது. கூட்டுக் குடும்ப ஃபார்முலா!

ஃப்ளெக்ஸி பிளையில் இந்தக் கூட்டணியைக் கலைத்துவிடுகிறார்கள். பொதுவாக மூன்றே தகடுதான். வெளியே இரண்டும் தடிமன், இரண்டின் ரேகையும் ஒரே வாட்டம். நடுவில் மட்டும் மெல்லிசாக ஒன்று குறுக்கே. விளைவு? நம் வீட்டுக் கோரைப்பாய்! பாயை ஒரு பக்கமாகச் சுருட்டினால் சமர்த்தாகச் சுருளும். கோரையின் நீளவாக்கில் மடக்கிப் பாருங்கள், முறைக்கும். ஃப்ளெக்ஸி பிளையும் அப்படியே. ஒரு திசையில் கையாலேயே சுருட்டலாம். மறு திசையில் முரண்டு பிடிக்கும்.

எனவே கடையில் வாய் திறந்து கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை. "அண்ணே, இது எட்டடி வாக்குல சுருளுமா, நாலடி வாக்குல சுருளுமா?" என்பதுதான். எட்டுக்கு நாலு ஷீட்டில் இரண்டு ஜாதியும் கிடைக்கும். எட்டடி நீளம் சுருண்டு நாலடி உயரத்துக்குக் குண்டு டிரம் மாதிரி நிற்பது ஒன்று. அது ஆபீஸ் ரிசப்ஷன் மேஜைக்கு. நாலடி அகலம் சுருண்டு எட்டடி உயரத்துக்குத் தூண் மாதிரி நிற்பது இன்னொன்று. ஆளுயர அலமாரிக் கதவுக்கு அதுதான் வேண்டும். மாற்றி வாங்கிவிட்டால், பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டுவந்த ஷீட்டை மறுபடி பஸ் கூரையில்தான் ஏற்ற வேண்டும். சந்தேகமிருந்தால் கடைக்காரரை ஷீட்டின் ரெண்டு ஓரத்தையும் பிடித்து அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். வளைகிற பக்கம் உங்கள் கண்ணெதிரே வளைந்துவிடும்.

சரி, வளைகிற பலகை வளைந்தபடியே நிற்க வேண்டாமா? கையை விட்டால் மறுபடி நிமிர்ந்துவிடுமே?

கையில் இருக்கும் இந்தப் பத்திரிகையையே ஒரு தடவை வளையுங்கள். (படித்துவிட்டுத்தான்!) ஓரத்தைக் கவனித்தீர்களா? தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, ஓரம் சரிவாகிவிட்டது. விட்டால் திரும்ப வழுக்கி நேராகிவிடும். வளைத்தபடியே எல்லாத் தாளையும் பசை போட்டு ஒட்டிக் காயவிட்டிருந்தால்? வழுக்க வழியில்லை. நிமிரவும் வழியில்லை. ரகசியம் மொத்தமும் இவ்வளவுதான். 8 எம்.எம். ஃப்ளெக்ஸி பிளை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்து ஒட்டினால், 16 எம்.எம். கனத்தில், பிறவியிலேயே வளைந்து பிறந்த மாதிரி ஒரு கதவு கிடைத்துவிடும்.

உள்பக்க வளைவு ஒன்றரை அடி ஆரம் என்று வையுங்கள். 18 அங்குலத்தை 1.57-ஆல் பெருக்கினால் கால் வட்டத்துக்கு 28 அங்குலம், கொஞ்சம் கூட. வெளிப்பலகை 8 எம்.எம். தள்ளி இருப்பதால் அதற்கு அரை அங்குலம் நீளம் அதிகம் வேண்டும். ரெண்டையும் சமமாக வெட்டி ஒட்டினால் ஓரத்தில் இளிக்கும். எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூட விட்டு ஒட்டிவிட்டு, காய்ந்த பிறகு ஓரத்தைச் சீராக அறுப்பதுதான் புத்திசாலித்தனம்.

வளைத்து ஒட்ட ஓர் அச்சு வேண்டும். 'மோல்டு' என்பார்கள். ஒரு ரீப்பரில் ஆணி ஒன்று, பென்சில் ஒன்று. அதுதான் காம்பஸ். நூல் கட்டி வட்டம் போடாதீர்கள். நூல் இழுபடும், வட்டம் கோழிமுட்டையாகும். மிச்சம் மீதிப் பலகையில் ஒரே மாதிரி வளைவு விலா எலும்புகளாக ஐந்தாறு அறுத்து, அரை அடிக்கு ஒன்றாக நிறுத்தி, மேலே மெல்லிய பலகை போர்த்தினால் அச்சு தயார். அதன்மேல் பாலித்தீன் ஷீட் விரிக்க மறந்தீர்களோ, கதவும் அச்சும் ஜென்மத்துக்கும் பிரியாது. ஃபெவிகால் 1959-லிருந்து மார்க்கெட்டில் இருக்கிறது. அதற்கு முன்னால் வஜ்ஜிரத்தைக் காய்ச்சிக் காய்ச்சி ஒட்டின காலத்தில், இந்த மாதிரி பெரிய பரப்பை நிதானமாக ஒட்டியிருக்க முடியுமா என்று நினைத்துப் பார்க்கிறேன். வஜ்ஜிரம் ஆறினால் தீர்ந்தது கதை.

இப்போதும் ரொம்ப நிதானம் கூடாது. பசை தடவி, பத்து நிமிஷத்துக்குள் அமுக்கிக் கட்டியாக வேண்டும். வெயில் காலத்தில் அதற்கும் முன்னால். ஃபேனை நிறுத்திவிடுங்கள். போன் வந்தால் எடுக்காதீர்கள். கட்டுவதற்கு டஜன் கணக்கில் கிளாம்ப் வேண்டுமே என்று பயப்பட வேண்டியதில்லை. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து, இழுத்து இழுத்துச் சுற்றினால் அதன் பிடியே தனி. லாரியில் சரக்கு கட்டுகிற பெல்ட் கிடைத்தால் இன்னும் விசேஷம். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்தை முதலில் கட்டினால் நடுவில் காற்று மாட்டி உப்பிக்கொள்ளும்.

சைக்கிள் டியூபா என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்று ஒரு தம்பதி. உலகப் போர் நேரத்தில், தங்கள் அபார்ட்மெண்டிலேயே பலகை வளைக்கிற மெஷின் ஒன்றைச் செய்தார்கள். உள்ளே ரப்பர் பை. அதில் காற்றடிக்க சைக்கிள் பம்ப்! பம்ப் அடிக்க அடிக்க, ரப்பர் பை பலகையை அச்சோடு சேர்த்து அமுக்கும். அந்த அனுபவத்தில் அமெரிக்கக் கடற்படைக்குக் கால் முறிந்த சிப்பாய்களைத் தூக்கிப்போக வளைந்த பிளைவுட் கட்டைகள் செய்து கொடுத்தார்கள். ஒன்றரை லட்சம் வாக்கில் போயிற்று. போர் முடிந்ததும் அதே வித்தையில் நாற்காலி செய்தார்கள்; உலகப் புகழ் வந்தது. இதே தம்பதியை நம் அரசாங்கம் அழைத்து, 1958-ல் இந்தியாவின் டிசைன் பற்றி ஓர் அறிக்கை வாங்கியது. அதையொட்டித்தான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய டிசைன் நிறுவனம் பிறந்தது. இந்தியா முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்த அறிக்கையில் அவர்கள் எந்தப் பொருளைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள் தெரியுமா? நம்ம சொம்பு! ஆலமரத்தடி நாட்டாமைகள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

அவர்களுக்கும் முன்னால் வியன்னாவில் தோனே என்பவர், 1859-ல் பீச் மரக் கம்புகளை ஆவியில் வேகவைத்து வளைத்து நாற்காலி செய்தார். மும்பை இரானி ஹோட்டல் நாற்காலிகள் அந்த வம்சம்தான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் முப்பத்தாறு நாற்காலி! ஆனால் ஆவி வித்தை கம்புக்குச் சரி, கதவுக்கு ஆகாது. நாம் செம்பட்டிக்கு வந்துவிடுவோம்.

கட்டியாயிற்று. இப்போதுதான் வீட்டுக்காரருக்கும் ஆசாரிக்கும் நடுவே உண்மையான நாடகம்.

"என்னண்ணே, நேத்துப் பூரா ஆளையே காணோம்?"

"காய விட்டிருக்கேன் தம்பி."

"பசைதானே காயுது... அதுக்கு எதுக்குண்ணே உங்களுக்குக் கூலி?"

ஆசாரி பதில் சொல்ல மாட்டார். மறுநாள் காலையில், அரைகுறைக் காய்ச்சலில் டியூபை அவிழ்த்துவிடுவார். கூலி மிச்சம்! ரெண்டு வாரத்தில் கதவு மெல்ல நிமிர ஆரம்பிக்கும். மேல் மூலை அலமாரியைத் தொடும். கீழ் மூலை வாயைப் பிளக்கும். ஒருமுறை அப்படி இறுகிப் போனதைத் திருப்பி வளைக்க முடியாது. ரெண்டு ஷீட், பசை, மைக்கா, அத்தனை நாள் கூலி எல்லாம் அவுட். பழி மட்டும் ஆசாரி தலையில். "அப்பவே ஷோரூம்ல குடுத்திருக்கலாம்" என்று உள்ளிருந்து ஒரு குரலும் வரும்.

குறைந்தது ஒரு முழு நாள், மழைக்காலமென்றால் இன்னும் கூடுதலாக, அச்சை விட்டு அசைக்கக் கூடாது. அந்த நாளை அவர் வீணாக்கவும் வேண்டியதில்லை. கதவு அச்சில் இருக்கும்போது ஷெல்ஃப் அறுக்கட்டும், டிராயர் அடிக்கட்டும். வேலையை அந்த வரிசையில் பேசிக்கொண்டால் சண்டையே வராது. என் யோசனை, வளைவுக் கதவுக்குத் தினக்கூலி பேசாதீர்கள். கதவுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுங்கள். அச்சு செய்கிற உழைப்பையும் சேர்த்து! ஒரு கதவானாலும் நாலு கதவானாலும் அச்சுச் செலவு ஒன்றுதான். அதனால் கிச்சனில் ஒரு அடி ஆரம், ஹாலில் ஒன்றே கால் அடி ஆரம் என்று ஆசைக்கு ஒன்றாகக் கேட்காமல், வீடு முழுக்க ஒரே வளைவாக வைத்துக்கொண்டால் பாக்கெட்டுக்கு நல்லது.

எவ்வளவு பொறுமையாகக் காயவிட்டாலும், அவிழ்த்ததும் கதவு ஒரு மயிரிழை நிமிரத்தான் செய்யும். அனுபவஸ்தர்கள் அச்சையே கொஞ்சம் இறுக்கமாக வளைத்துவிடுவார்கள். எவ்வளவு இறுக்கம்? அது பலகைக்குப் பலகை மாறும். அரை அடி அகலத் துண்டு ஒன்றை முதலில் ஒட்டிப் பார்ப்பது உத்தமம்.

அடுத்தது மைக்கா. 1 எம்.எம். சாதா மைக்கா பெரிய வளைவுக்கு மடங்கும். இறுக்கமான வளைவில் 'டப்'பென்று உடையும். அதற்கு 'போஸ்ட் ஃபார்மிங்' என்று கேட்டு மெல்லிய ரகம் வாங்கி, சூடுகாட்டி வளைக்க வேண்டும். வெளியே மட்டும் ஒட்டிவிட்டு, "உள்ளே யாரு பாக்கப் போறா?" என்று விடுகிற சிக்கனம் கூடவே கூடாது. பார்க்கிற ஆள் இருக்கிறார்... ஈரக்காற்று! மைக்கா இல்லாத பக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும். கதவு பருவத்துக்கு ஒரு போஸ் கொடுக்கும். இரண்டு பக்கமும் சமமாக ஒட்டினால் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். சிங்க்குக்குக் கீழே மட்டும் இந்தக் கதவு ஆசை வேண்டாம். தண்ணீர் சொட்டுகிற இடத்துக்குச் சாதா ஃப்ளெக்ஸி பிளை சரிப்படாது.

கீலில் கோட்டைவிடுகிறவர்கள்தான் அதிகம். ஃப்ளெக்ஸி பிளை மெத்தென்ற பலகை, ஸ்க்ரூ பிடிக்காது. ரெண்டு மாசத்தில் துளை லூஸாகி, கதவு கையோடு வந்துவிடும். ஒட்டும்போதே இரண்டு நிலை ஓரங்களிலும் கெட்டி மர ரீப்பர் ஒன்றைக் கதவின் கனத்துக்குச் சேர்த்து ஒட்டிவிட வேண்டும். ஸ்க்ரூ அதில் இறங்கட்டும். இப்போது எல்லோரும் கேட்கிற ஆட்டோ கீலுக்கு 35 எம்.எம். குழி தோண்ட வேண்டும். வளைவில் தோண்டினால் கிண்ணம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் கீல் பக்கம் ரெண்டு மூணு அங்குலம் வளைவில்லாமல் நேராக விட்டு அச்சு செய்யச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் மேலிருந்து கீழ்வரை ஓடுகிற பியானோ கீல். பார்க்கக் கொஞ்சம் பழசாக இருக்கும், ஆனால் பாரம் முழுவதையும் பகிர்ந்து தாங்கும்.

பூட்டு விஷயத்தில் மட்டும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் பூட்டின் முதுகு தட்டை, கதவின் முதுகு வளைவு. நடுவில் ஒரு மரக்கட்டையை, ஒரு பக்கம் வளைவாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இழைத்து வைத்தால்தான் பூட்டு ஆடாமல் உட்காரும். ஆசாரிக்கு அரை மணி நேர வேலை. பூட்டி வைக்கிற அளவுக்கு உள்ளே என்ன இருக்கும் என்பது, லோன் தவணை போக மிச்சம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது!